மெம்பிஸ் முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை: ராக் அண்ட் ரோல் பிறந்த அறைகள்

முதல் நாள்: மெம்பிஸ், யூனியன் அவென்யூ 706

சன் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் வாசலில் தொங்கும் ராட்சத கிதாரைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். நுழைந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு சின்னதா?" ஆமாம், சின்னதுதான். சுமார் 18 அடி அகலம், 30 அடி நீளம். ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் வகுப்பறை அளவு. 1950 ஜனவரியில் சாம் பிலிப்ஸ் இதை 'மெம்பிஸ் ரெக்கார்டிங் சர்வீஸ்' என்ற பெயரில் திறந்தார். கல்யாணமோ, இழவோ, கூட்டப் பேச்சோ, காசு கொடுத்தால் பதிவு செய்து தரும் கடை. அந்த வருமானத்தில்தான் வாடகையும் மைக்கும்.

இந்தத் தொடர் முழுக்க இப்படிப்பட்ட அறைகளைத் தேடித்தான் போகிறது. மெம்பிஸில் தொடங்கி, மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே இறங்கி, நியூ ஆர்லியன்ஸில் முடியும். இதே இசையின் முன்னோடிகளான சக் பெர்ரியும் படி ஹாலியும் இதில் இல்லை. சக் பெர்ரியைத் தேட செயின்ட் லூயிஸும் சிகாகோவும் போக வேண்டும். படி ஹாலிக்கு டெக்சஸில் லப்பக், நியூ மெக்சிகோவில் க்ளோவிஸ். இரண்டுமே வேறு திசை. இந்தப் பாதையோடு சேர்த்தால் எல்லாமே ஓட்டமாகிவிடும்.

டிக்கெட் ஸ்டுடியோவை ஒட்டிய கபேயில். அந்தக் காலத்தில் அது டெய்லர்ஸ் என்ற சாப்பாட்டுக் கடை. பாட வந்தவர்கள் காத்திருந்ததும் கணக்குவழக்குப் பேசியதும் அங்கேதான். சுற்று முக்கால் மணி நேரம். முதலில் மாடியில் காட்சிப் பொருட்கள், அப்புறம் கீழே ஸ்டுடியோ. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. காலை முதல் சுற்றுக்கே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் டூரிஸ்ட் பஸ்கள் வந்து நின்றால், கீழே உள்ள அறையில் கூரையைப் பார்க்கக்கூட இடம் இருக்காது.

கூரையை அவசியம் பார்க்க வேண்டும். ஒலியை உறிஞ்சும் ஓடுகளை மடித்த விசிறி மாதிரி ஏற்ற இறக்கமாகப் பதித்திருக்கிறார்கள். தட்டையான கூரை என்றால் ஒலி நேராகக் கீழே திரும்பி வந்து எல்லா மைக்கிலும் விழும். இந்த மடிப்புகள் அதைச் சிதறடித்துவிடும். அறையின் நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டினால் தெரியும்: சத்தம் வறண்டு, சட்டென்று அறுந்துபோகும்.

அப்படியானால் பிலிப்ஸின் சன் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுகளில் கேட்கும் அந்த எதிரொலி எங்கிருந்து வந்தது? டேப்பிலிருந்து. பிலிப்ஸிடம் இரண்டு ஆம்பெக்ஸ் 350 இயந்திரங்கள் இருந்தன. பாட்டு ஒன்றில் பதிவாகும். அதே ஒலி இன்னொன்றுக்கும் போகும். அந்த இரண்டாவது இயந்திரத்தில், பதிவுத் தலையைத் தாண்டிய டேப் கொஞ்சம் ஓடித்தான் வாசிப்புத் தலையை அடையும். இடைவெளி 2 அங்குலம், டேப்பின் வேகம் நொடிக்கு 15 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒலி 133 மில்லி நொடி தாமதித்து வரும். அதை மறுபடி மிக்சருக்குள் விட்டு, முதல் இயந்திரத்தில் பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்துவிடுவார். இதைத்தான் ஸ்லாப்பேக் என்கிறார்கள்.

வீட்டில் கிதாரில் இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: டிலே பெடலில் 120 முதல் 140 மில்லி நொடி. ஃபீட்பேக் குமிழ் அநேகமாகப் பூஜ்ஜியத்தில். ஒரே ஒரு மறுஒலிதான் வர வேண்டும். அதன் அளவு மூலஒலியில் மூன்றில் ஒரு பங்கு. பலருக்குச் சரிவராமல் போவதற்குக் காரணம் மூன்று. ஃபீட்பேக்கை ஏற்றிவிடுகிறார்கள், குகைக்குள் வாசிப்பது போலாகிவிடுகிறது. தாமதத்தை 200-க்கு மேல் கொண்டுபோகிறார்கள், மறுஒலி அடுத்த தட்டில் போய் முட்டுகிறது. அல்லது மேலே ரிவர்பும் போடுகிறார்கள். ரிவர்ப் வேண்டவே வேண்டாம். அறை வறண்டிருந்தால்தான் அந்த ஒற்றை மறுஒலி துலங்கும்.

1954 ஜூலை 5 அன்று இந்த அறையில் இருந்தவர்கள் எல்விஸ் பிரெஸ்லி, கிதாருக்கு ஸ்காட்டி மூர், டபுள் பேஸுக்கு பில் பிளாக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிலிப்ஸ். டிரம்ஸ் கிடையாது. ஆர்தர் க்ரூடப் 1946-இல் பதிவு செய்த ஒரு ப்ளூஸ் பாட்டை எல்விஸ் இடைவேளையில் விளையாட்டாக எடுக்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அதுதான் சன் 209-ஆம் எண் இசைத்தட்டு. அதில் டிரம்ஸ் போலக் கேட்பது பில் பிளாக்கின் பேஸ்: நரம்பை இழுத்து விடும்போது அது விரல்பலகையில் 'டக்' என்று அடிக்கிறது, இடையில் உள்ளங்கையால் பலகையில் ஒரு தட்டு. அந்த டக்கும் தட்டும் ஸ்லாப்பேக்கில் இரட்டித்துவிட, மூன்று பேர் வாசிப்பது ஐந்து பேர் வாசிப்பது போலக் கேட்கிறது. இங்கே பதிவான ஜானி கேஷுக்கும் தொடக்கத்தில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை. கிதார் நரம்புகளுக்கு இடையில் காகிதத்தை மேலும் கீழுமாகச் செருகிவிட்டுத் தட்டினார். ஸ்னேர் டிரம்மின் உரசல் ஒலி கிடைத்துவிட்டது.

1955 நவம்பரில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனம் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது. ஒப்பந்தம் போனது, எதிரொலி போகவில்லை. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் அதே ஒலியை வரவழைக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் ஸ்டுடியோ நடைவழியின் எதிரொலியைப் பயன்படுத்தினார்கள். எல்விஸின் முதல் ஆர்சிஏ வெற்றிப் பாடலில் குரல் ஏதோ காலி ஹோட்டலுக்குள்ளிருந்து வருவது போல இருப்பதற்கு அதுதான் காரணம். பாட்டே ஹோட்டலைப் பற்றியது என்பதால் தப்பித்தார்கள்.

சுற்றின் முடிவில் பழைய ஷூர் மைக்கைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். வரிசை அங்கேதான் நீளும். எங்கள் யோசனை, அந்த நேரத்தை மாடியில் செலவிடுங்கள். எல்விஸ் வருவதற்கு முன்பே இந்த அறையில் ஹவ்லின் உல்ஃப், பி. பி. கிங், ரூஃபஸ் தாமஸ் போன்ற கறுப்பின இசைக்கலைஞர்கள் எல்லாரும் பதிவு செய்துவிட்டார்கள். அந்தப் பகுதியை எல்லாரும் ஓடிக் கடக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: மெம்பிஸ், கிரேஸ்லாண்ட்

ஸ்டுடியோவிலிருந்து தெற்கே பதினைந்து நிமிடக் கார்ப் பயணம். எல்விஸ் 1957-இல் 102,500 டாலருக்கு வாங்கிய வீடு. 1982 ஜூன் 7 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. டிக்கெட் சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள வளாகத்தில், அங்கிருந்து சிறு பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். விலை அதிகம், கார் நிறுத்தவும் தனிக் கட்டணம். வீட்டைப் பார்க்க, இருப்பதில் விலை குறைந்த டிக்கெட்டே போதும். விமானங்கள், கார்கள் எல்லாம் சேர்ந்த பெரிய டிக்கெட் தீவிர ரசிகர்களுக்கு. மாடிக்கு யாரையும் விடுவதில்லை, கேட்டும் பயனில்லை.

அலங்காரத்தைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். நம் தேடலுக்கு வேண்டியது 'ஜங்கிள் ரூம்' ஒன்றுதான். தரையில் பச்சைக் கம்பளம், கூரையிலும் அதே பச்சைக் கம்பளம். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். 1976-இல் எல்விஸ் ஸ்டுடியோவுக்குப் போக விரும்பாதபோது ஆர்சிஏ தன் பதிவு வண்டியையே வீட்டுக்குக் கொண்டுவந்தது. பிப்ரவரியிலும் அக்டோபரிலும் இந்த அறையில்தான் பதிவு நடந்தது. கூரைக் கம்பளம் எதிரொலியை விழுங்கிவிட்டதால் அறை அதற்குத் தோதாக இருந்தது.

வீட்டுக்கு வெளியே சாலையோரக் கல்சுவர் முழுக்க ரசிகர்களின் கையெழுத்து. அதற்குக் காசு இல்லை. மழை அழித்துவிடும், மேலே இன்னொருவர் எழுதுவார். ஆகஸ்டில் வந்தால் 15-ஆம் தேதி இரவு மெழுகுவத்தி அஞ்சலி. 1977 ஆகஸ்ட் 16-இல் அவர் இறந்ததை ஒட்டி, முந்தின இரவு ஆயிரக்கணக்கானவர்கள் கையில் மெழுகுவத்தியோடு வாசலிலிருந்து மேட்டில் ஏறிக் கல்லறைத் தோட்டம் வரை வரிசையாக நடப்பார்கள். விடியும்வரை நடக்கும். போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வெப்பம் 35 டிகிரியைத் தொடும், புழுக்கம் அதைவிட மோசம். மடக்கு நாற்காலி, தண்ணீர், மெழுகு கையில் சொட்டாமலிருக்கக் காகிதக் கிண்ணம், இந்த மூன்றும் வேண்டும். தங்குமிடத்தை மாதங்களுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். கூட்டம் பிடிக்காது என்றால் அந்த வாரமே மெம்பிஸ் பக்கம் வராதீர்கள். மற்ற மாதங்களில் காலையில் வீடு திறக்கும் முன் கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் இலவசமாக நடந்து போகும் வழக்கம் உண்டு. நேரத்தை முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் ப்ளூஸ் மதுக்கூடங்கள் நிறைந்த பீல் தெரு. அவ்வளவுதான் சொல்வதற்கு.

மூன்றாம் நாள்: டுபிலோ

மெம்பிஸிலிருந்து தென்கிழக்கே ஐ-22 நெடுஞ்சாலையில் சுமார் 170 கி.மீ. காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்.

1935 ஜனவரி 8-இல் எல்விஸ் பிறந்த வீடு இரண்டே அறை. தந்தை வெர்னன் 180 டாலர் கடன் வாங்கிக் கட்டியது. கடனைக் கட்ட முடியாமல் குடும்பம் வீட்டை இழந்தது. முன்கதவிலிருந்து பின்கதவுக்கு நேர்கோட்டில் பார்வை போகும், தெற்கு மாநிலங்களின் ஏழைக் குடும்பங்கள் கட்டிக்கொண்ட வீட்டு வகை. உள்ளே நிற்பது இரண்டு நிமிடம்தான். அதே வளாகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கும் அசெம்பிளி ஆஃப் காட் தேவாலயத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அந்தச் சபையின் போதகர் ஃபிராங்க் ஸ்மித் பையனுக்குக் கிதாரில் சில கார்டுகள் (சுரக் கூட்டுகள்) சொல்லிக்கொடுத்தவர். எல்விஸின் கால் ஏன் நிற்காமல் ஆடியது என்பதற்கு விடை இந்தச் சபைப் பாடல்களில் பாதி இருக்கிறது.

கிதார் வாங்கிய கடை மெயின் தெருவில் இன்னும் இரும்புக்கடையாகவே நடக்கிறது: டுபிலோ ஹார்ட்வேர், 1926-இல் தொடங்கியது. 1946-இல் எல்விஸ் தாயோடு வந்து துப்பாக்கி கேட்டு, தாய் மறுத்ததும் கிதாரோடு போனார் என்று விற்ற ஊழியர் பின்னாளில் கடிதமாக எழுதி வைத்தார். விலை 7 டாலர் 75 சென்ட், மேலே 2 சதவீத வரி. ஆணி, குழாய், சுத்தியல் வாங்க வருகிறவர்களுக்கு நடுவே நின்றுதான் பார்க்க வேண்டும். ஞாயிறு கடை கிடையாது. பயணத் திட்டம் போடும்போது பலர் சறுக்குவது இதில்தான். சனிக்கிழமை காலைக்குள் வந்துவிடுங்கள்.

நான்காம் நாள்: கிளார்க்ஸ்டேல்

மெம்பிஸை விட்டு 61-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே. சுமார் 125 கி.மீ. இருபுறமும் தட்டையான வயல், மரம் அபூர்வம். டெல்டா என்று இவர்கள் சொல்வது இதைத்தான்.

1951 மார்ச் மாதம் இதே சாலையில் எதிர்த் திசையில், ஐக் டர்னரின் 'கிங்ஸ் ஆஃப் ரிதம்' குழு சாம் பிலிப்ஸின் அறைக்குக் கார் ஏறிப் போனது. கிதார் வாசித்த வில்லி கிசார்ட்டின் ஆம்ப் (கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) வழியில் அடிபட்டது. கார்மேலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொன்று. எதுவானாலும் ஸ்பீக்கரின் கூம்பு கெட்டுவிட்டது. வேறு ஆம்ப் தேட நேரமில்லை. பிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே வாசிக்கச் சொன்னார்.

அங்கே என்ன நடந்தது என்றால்: கிழிந்த கூம்பு சீராக அசையாது, காகிதம் அதோடு சேர்ந்து அதிரும். கிதாரின் சுத்தமான ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் அந்த அதிர்வில் முளைத்து, ஒலி தடித்துக் கரகரக்கும். கெட்டுப்போனதாக நினைத்து ஒதுக்க வேண்டிய அந்தக் கரகரப்பை பிலிப்ஸ் ஒதுக்கவில்லை. பேஸ் வரியைத் தொடரும் கிதாரை முன்னால் கொண்டுவந்து பதிவு செய்தார். 'ராக்கெட் 88' என்ற அந்தப் பாட்டு ஓல்ட்ஸ்மொபில் காரைப் பற்றியது. செஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டு, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் இசைத்தட்டில் குழுவின் பெயரும் இல்லை, ஐக் டர்னரின் பெயரும் இல்லை. பாடிய சாக்சபோன் கலைஞர் ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் 'டெல்டா கேட்ஸ்' என்று போட்டிருந்தார்கள்.

முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு எது என்ற சண்டை ரசிகர்களிடம் ஓயவே ஓயாது. 1944-இல் மின்கிதாரோடு சபைப் பாடலைப் பதிவு செய்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், 1947-இல் ராய் பிரவுன், 1949-இல் ஃபேட்ஸ் டாமினோ, 1951-இல் ராக்கெட் 88, 1954-இல் எல்விஸ். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி. எங்களுக்கு அந்தப் போட்டியில் அக்கறை இல்லை. எந்தத் தட்டில் எது புதிதாக நுழைந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது: ராக்கெட் 88-இல் கரகரத்த கிதார். (ரொசெட்டா தார்ப் பிறந்த காட்டன் பிளான்ட் ஊர் மெம்பிஸுக்கு மேற்கே ஆர்கன்சாவில் இருக்கிறது. பார்க்க அதிகம் இல்லை. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவர் 2018-இல்தான் போய்ச் சேர்ந்தார்.)

கிளார்க்ஸ்டேலில் அந்தக் குழு ஒத்திகை பார்த்த இடம் சன்ஃபிளவர் அவென்யூவில் உள்ள ரிவர்சைட் ஹோட்டல். அதற்கு முன் அது கறுப்பின மக்களுக்கான மருத்துவமனை. 1937-இல் கார் விபத்தில் அடிபட்ட ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் இறந்தது இங்கேதான். இனப் பிரிவினைக் காலத்தில் ஊருக்கு வந்த கறுப்பின இசைக்கலைஞர்களுக்குத் தங்க வேறு இடம் இல்லாததால் ஏறக்குறைய எல்லாரும் இங்கே தங்கியிருக்கிறார்கள். 2020-இல் புயலில் சேதமாகி மூடப்பட்டது. உள்ளே போக முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியே ப்ளூஸ் டிரெயில் பலகையைப் படிப்பதோடு சரி.

டெல்டா ப்ளூஸ் மியூசியம் பழைய சரக்கு ரயில் நிலையத்தில் இருக்கிறது. ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக்குடிசையின் மிச்சம் உள்ளே. ஒரு மணி நேரம் போதும். 61-ம் 49-ம் சந்திக்கும் முக்கில் நீலக் கிதார்களை நட்டுவைத்து, ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் சாத்தானிடம் ஆன்மாவை விற்ற கதையையும் விற்கிறார்கள். சாலைகளே இடம் மாறிவிட்டன, கதைக்கும் இந்த முக்குக்கும் சம்பந்தம் கிடையாது. படம் எடுக்க விரும்பினால் வண்டிகளைப் பார்த்துக் கடந்து போங்கள்.

ஐந்தாம் நாள்: நாட்செஸ் வழியாக ஃபெர்ரிடே

இன்று ஓட்டம் அதிகம், 350 கி.மீ. வரை. விக்ஸ்பர்க் தாண்டிய பிறகு பெட்ரோல் பங்குகளுக்கு இடைவெளி கூடும். பாதி டாங்க் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். நாட்செஸில் பாலம் ஏறி ஆற்றைக் கடந்தால் லூயிசியானா. அங்கிருந்து கால் மணி நேரத்தில் ஃபெர்ரிடே.

1935-இல் ராக் அண்ட் ரோல் பியானோக் கலைஞர் ஜெர்ரி லீ லூயிஸ் பிறந்த ஊர். ஊரின் பழைய தபால் அலுவலகம் இப்போது டெல்டா மியூசிக் மியூசியம். வார நாட்களில் மட்டும் நம்பி வாருங்கள், அதுவும் போன் செய்துவிட்டு. ஜெர்ரி லீயின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர்: ஒருவர் கன்ட்ரி பாடகர் மிக்கி கில்லி, இன்னொருவர் தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட். மூவரும் பியானோ வாசித்தவர்கள். மூவரும் சிறுவயதில் ஹேனிஸ் பிக் ஹவுஸ் என்ற கறுப்பின நடன விடுதிக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதைக் கேட்டவர்கள். அந்த விடுதி 1966-இல் எரிந்துபோனது. இடம் இருக்கிறது, கட்டடம் இல்லை.

ஜெர்ரி லீயின் பெற்றோர் பிள்ளைக்குப் பியானோ வாங்க வீட்டை அடமானம் வைத்தார்கள். அந்தக் கையின் ரகசியம் இடது பக்கம் இருக்கிறது. எல்லாரும் வலது கை விசைகளை வாரி இழுப்பதைத்தான் பார்க்கிறார்கள். இடது கை பூகி வரியை (திரும்பத் திரும்ப வரும் பேஸ் வரி) இம்மியும் பிசகாமல் பிடித்திருப்பதால்தான் வலது கைக்கு அந்தச் சுதந்திரம். வாரி இழுக்கும்போது விரல் நுனியைப் பயன்படுத்தினால் தோல் கிழியும், வேகமும் வராது. மேலே போகும்போது கையைத் திருப்பி நடுவிரல்களின் நகத்தால், கீழே வரும்போது கட்டைவிரல் நகத்தால். முதலில் இடது கையை மட்டும் தனியாகப் பழக்க வேண்டும், வாய் வேறு பாட்டுப் பாடினாலும் கை நிற்காத அளவுக்கு. நேரே வலது கைக்குப் போகிறவர்கள் நான்காவது சுற்றிலேயே தாளம் தவறிவிடுகிறார்கள்.

1958-இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது அவர் 13 வயது உறவுக்காரச் சிறுமியை மணந்திருந்தது வெளியே வந்து, பயணமும் வானொலியும் ஒரே வாரத்தில் போயின. ரசிகர்கள் இதைப் பேசாமல் நழுவுவது வழக்கம். பியானோவைக் கொண்டாடுவதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் இறந்தபோது வயது 87.

இரவு தங்க நாட்செஸுக்குத் திரும்பிவிடுங்கள். ஃபெர்ரிடேயில் வசதி குறைவு.

ஆறாம் நாள்: நியூ ஆர்லியன்ஸ், நார்த் ராம்பார்ட் தெரு

நாட்செஸிலிருந்து பேட்டன் ரூஜ் வழியாக சுமார் 280 கி.மீ. ஹோட்டலில் காரை விட்டுவிட்டு நடந்தே போங்கள். பிரெஞ்சுக் குடியிருப்பில் நிறுத்த இடம் தேடுவதும் அபராதச் சீட்டு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டுமேன் தெருவும் ராம்பார்ட் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு பழைய கட்டடம். எதிரே ஆம்ஸ்ட்ராங் பூங்கா, அதற்குள் காங்கோ சதுக்கம். அடிமைக் காலத்தில் கறுப்பின மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முழவு அடித்து ஆடிய இடம் அது. இந்த முனைக் கட்டடத்தில் கோசிமோ மடாசாவின் கடை 1945 முதல் 1956 வரை இருந்தது. முன்னால் ரேடியோ, கிராமபோன், இசைத்தட்டு விற்பனை. பின்னால் ஒரு பதிவு அறை. 15 அடிக்கு 16 அடி என்று மடாசாவே சொல்லியிருக்கிறார். சன் ஸ்டுடியோவில் பாதி.

அந்தப் பாதியிலிருந்து வந்தவை: 1947-இல் ராய் பிரவுன், 1949 டிசம்பர் 10-இல் ஃபேட்ஸ் டாமினோவின் முதல் தட்டு, 1952-இல் லாயிட் பிரைஸ், 1955 செப்டம்பரில் லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி'. பின்னாளில் அந்த அறை துணி துவைக்கும் நிலையமானது. காசு போட்டால் சுற்றும் இயந்திரங்கள், சுவரில் கொஞ்சம் பழைய படங்கள். வெளியே பலகைகள் உண்டு. வாசற்படித் தரையில் 'ஜே அண்ட் எம்' என்று பதித்த எழுத்துகள் அந்தக் காலத்தவை. குனிந்து பார்க்காவிட்டால் மிதித்துக்கொண்டே போய்விடுவீர்கள். மெம்பிஸ் அறைக்கு டிக்கெட், வழிகாட்டி, டீ-ஷர்ட் கடை எல்லாம் இருக்கின்றன. அதைவிட முன்பே தொடங்கிய இந்த அறையைத் தேடி வருகிறவர்கள் சிலர்தான். இங்கே பாடியவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள் என்பதும் இதற்குக் காரணமில்லை என்று யாராவது சொன்னால், அதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

மடாசாவின் வேலை முறையைத் தெரிந்துகொண்டு கேட்டால் தட்டுகள் வேறு மாதிரிக் கேட்கும். தொடக்க ஆண்டுகளில் டேப் கூட இல்லை, நேரே தட்டில் வெட்டினார். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. மைக்குகள் சில மட்டுமே. ஆகவே ஒலியின் அளவைக் குமிழால் சரிசெய்வதைவிட ஆட்களை நகர்த்திச் சரிசெய்தார்: சாக்சபோன் தனி ஆவர்த்தனம் என்றால் அவர் மைக்கை நோக்கி நடந்து வருவார், முடிந்ததும் பின்வாங்குவார். டிரம்ஸ் எட்டத்தில். பியானோ மூடி திறந்து. அளவு சரியானதும் குமிழைத் தொடவே மாட்டார். தட்டில் கேட்கும் நெருக்கம், பல பேர் ஒரே மூச்சில் வாசிக்கும் அந்த முட்டல், இடப் பற்றாக்குறையால் வந்தது.

ஃபேட்ஸ் டாமினோவின் தட்டுகளைத் தயாரித்த டேவ் பார்த்தலோமியூ செய்த ஏற்பாடு இன்னொன்று. பேஸ், கிதார், பாரிட்டோன் சாக்சபோன் மூன்றையும் ஒரே வரியை வாசிக்கவைத்தார். டபுள் பேஸ் சின்ன ஸ்பீக்கரில் காணாமல்போகும். கிதாரும் சாக்சும் அதே சுரத்தை எடுத்துக் கொடுத்தால் ஜூக்பாக்ஸிலும் கேட்கும், கார் ரேடியோவிலும் கேட்கும்.

இனி தாளம். நம் ஊர்க் காதுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். அதுவரை ரிதம் அண்ட் ப்ளூஸ் பெரும்பாலும் ஷஃபிள். ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து நடுவை விட்டுவிடும் திஸ்ர நடை. லிட்டில் ரிச்சர்டின் வலது கை பியானோவில் ஒரு தட்டுக்கு இரண்டு என்று சமமாக இடித்துத் தள்ளியது, அது சதுஸ்ரம். டிரம்ஸ் வாசித்த ஏர்ல் பால்மருக்கு இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியவில்லை, ஒன்றோடொன்று உரசியது. அவர் தன் நடையை விட்டுவிட்டுப் பியானோவின் சம நடைக்கு வந்தார். இரண்டாவது, நான்காவது தட்டில் ஸ்னேரை ஓங்கி அடிப்பதைப் பாட்டு முழுக்க விடாமல் செய்யும் பழக்கமும் அவருடையது. ஃபேட்ஸ் டாமினோவின் 1949 தட்டிலேயே அதைச் செய்துவிட்டார். இன்று உலகத்தில் எந்த ராக் குழு மேடை ஏறினாலும் டிரம்ஸ் இந்த இரண்டு முடிவுகளின்மேல்தான் நிற்கிறது.

ஏழாம் நாள்: லாசால் தெருவும் லோயர் நைன்த் வார்டும்

1955-இன் அந்த செப்டம்பர் அமர்வு முதலில் சோர்வாகத்தான் போனது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் லாசால் தெருவில் உள்ள ட்யூ டிராப் இன் விடுதிக்குப் போனார்கள். மேடையில் பியானோ, கீழே கூட்டம். லிட்டில் ரிச்சர்ட் பியானோவில் உட்கார்ந்து, மதுக்கடைகளில் பாடும் தன் கொச்சைப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லுக்கு இதுதான் வேண்டும் என்று தெரிந்தது, வரிகள்தான் வானொலிக்கு ஆகாது. டோரதி லாபோஸ்ட்ரி என்ற இளம் கவிஞரைக் கூப்பிட்டு வரிகளை மாற்றி எழுதவைத்தார்கள். ஸ்டுடியோ நேரம் முடியப்போகும் தறுவாயில், பியானோ வாசிக்க அமர்த்தியவரை எழுப்பிவிட்டு ரிச்சர்டே உட்கார்ந்தார். பாப் பட்டியலில் அவர் தட்டு 17-ஆம் இடம் வரை போனது. அதே பாட்டை அடக்க ஒடுக்கமாகப் பாடிய வெள்ளையர் பாட் பூனின் தட்டு 12-ஆம் இடம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், எது மிஞ்சியது என்று சொல்லத் தேவையில்லை.

ட்யூ டிராப் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்து 2024-இல் ஹோட்டலும் மேடையுமாகத் திரும்பத் திறந்தது. இந்தப் பாதையில் பழைய வேலைக்கே திரும்பிய இடங்கள் குறைவு. தங்க முடியாவிட்டாலும் ஒரு மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுங்கள்.

ஃபேட்ஸ் டாமினோவின் வீடு லோயர் நைன்த் வார்டில், கேஃபின் அவென்யூவில். செயின்ட் கிளாட் அவென்யூ பாலத்தைத் தாண்ட வேண்டும். கால்வாயில் படகு வந்தால் பாலம் தூக்கிக்கொள்ளும், அரை மணி நேரம் நிற்க நேரலாம். மதியத்துக்குள் போய்விட்டு வருவது நல்லது. அது தனியார் வீடு. மணி அடிக்காதீர்கள், நடைபாதையிலிருந்து பார்த்தால் போதும். 2005-இல் கத்ரீனா புயலின்போது அவர் வீட்டை விட்டு வர மறுத்து, தண்ணீர் ஏறிய பிறகு மீட்கப்பட்டார். இறந்துவிட்டார் என்று நினைத்து யாரோ வீட்டுச் சுவரில் அஞ்சலி எழுதிவிட்டுப் போனார்கள். அவர் 2017 வரை இருந்தார். வெள்ளத்தில் மூழ்கிய பியானோக்களில் ஒன்று ஜாக்சன் சதுக்கத்தை ஒட்டிய பிரெஸ்பிட்டேர் மியூசியத்தில் புயல் கண்காட்சியோடு இருக்கிறது. மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை.

திரும்பும் வழி: மெம்பிஸில் எடுத்த வாடகைக் காரை நியூ ஆர்லியன்ஸில் விட்டால் ஒருவழிக் கட்டணம் என்று தனியாகப் போடுவார்கள், சில சமயம் வாடகைக்குச் சமமாக. பதிவு செய்யும்போதே இரண்டு ஊரையும் கொடுத்து மொத்தத் தொகையைப் பாருங்கள். கார் ஓட்டாதவர்களுக்கு ஆம்ட்ராக்கின் 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' ரயில் இருக்கிறது. மெம்பிஸில் காலையில் ஏறினால் பிற்பகலில் இங்கே இறங்கலாம். கிளார்க்ஸ்டேலுக்குக் கிட்டத்தில் மார்க்ஸ் என்ற சிறு நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து ஊருக்குள் போக வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். டுபிலோவையும் ஃபெர்ரிடேயையும் ரயிலில் எட்ட முடியாது.